மோப்பம் கூடின நாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, மலையடிவாரத் தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்பிவிட முடிவு செய்தார். நான் அந்தத் தோட்டத்து ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தேன். ஏழாம் வகுப்பு வரை படித்தவன். யார் முகத்தையும் நேரே பார்த்துப் பேசப் பழகாதவன்.

ஒருநாள் பங்களாவுக்குச் சணல் கயிறு கொண்டுபோனேன். பின்முற்றத்தில் மூன்று நாய்கள் கட்டப்பட்டுக் கிடந்தன. முயல் வேட்டைக்கென்று துரை கப்பலில் வரவழைத்தவை. பாசெட் என்று சொன்னார்கள். உடம்பு பெரிய நாயின் உடம்பு, கால்கள் மட்டும் ஒரு சாண். காதுகள் தரையில் இழுபட்டன. நம் பக்கத்தில் அப்படியொரு சாதியை யாரும் பார்த்ததில்லை.

"மூணுல ஒண்ண நீரு எடுத்துக்கிடலாம்னு துரை சொல்லுகாரு" என்றார் பட்லர்.

"மத்தது ரெண்டும்?"

"சுட்டுருவாரு. கண்டவன் கையில குடுத்துப் பட்டினி போட மனசில்லியாம்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். துரை வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாய்களின் பக்கம் திரும்பினேன். முதல் நாய் கிழடு, தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது வாலை ஆட்டியது. மூன்றாவது என் காலில் மூக்கை வைத்து, விரல் விரலாக, குதிகால் வரை முகர்ந்தது. எந்த வரப்பு வழியாக வந்தேன், எந்தச் சாணியை மிதித்தேன் என்று விசாரிப்பது போல இருந்தது. என்னை அவ்வளவு நேரம் யாரும் கவனித்ததில்லை. அதைக் காட்டினேன்.

பட்லர் தலையில் அடித்துக்கொண்டார். "கொள்ளாம்! மோப்பம் கூடினதப் பாத்துல்லா எடுத்திருக்கீரு. வீட்டுக்கு அந்தக் கிழடுதான் கொள்ளும். இது ஒரு வாடையப் பிடிச்சா, பெத்த தள்ள விளிச்சாலும் திரும்பாது. கயிற அவுத்தீருன்னா நாய நீரு மறந்துர வேண்டியதுதான்." தினமும் காதைத் துடைக்கவேண்டும், தினமும் இறைச்சியோ மீனோ போடவேண்டும் என்றும் சொன்னார்.

தோட்டத்து எல்லையைத் தாண்டுமுன் பின்னால் இரண்டு வெடி கேட்டது.

மீன் எங்கள் வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. எங்கள் கூட்டத்து வழக்கப்படி வீட்டில் சொத்தும் சொல்லும் தாய்மாமனுடையது. அம்மா இறந்த பிறகு நான் மாமாவின் நிழலில் வளர்ந்தவன். அக்காவும் கணவன் இறந்து அங்கேயே திரும்பி வந்திருந்தாள். மாமா மூன்று வருஷத்துக்கு முன் சிவதீட்சை எடுத்துக்கொண்டார். அன்று காலை வீட்டிலிருந்த மீன் சட்டிகளையெல்லாம் கிணற்றடியில் போட்டு உடைத்தார். அக்காதான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அதுவரை மீன்கறி இல்லாமல் சோறு இறங்காத வீடு அது. உங்களுக்கு எப்படி என்று எங்களை யாரும் கேட்கவில்லை.

நாயோடு தெருவில் நுழைந்ததும் கூட்டம் கூடியது. "ஏலே, இது நாயாலே, காலறுத்த கட்டிலாலே?" என்றான் ஒருவன். "மழை பெஞ்சா வயிறு நனையாம இருக்க ஓடம் வேணும்டே" என்றான் இன்னொருவன். மாமா சிரிக்கவில்லை. நாயை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார்.

"தொழுவத்துல கெடக்கட்டும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நம்ம வளவுல என்னைக்கு மீன் வாடை வருதோ, அன்னைக்கு இது வெளிய."

சோறும் மோரும் ஊற்றினேன். இரண்டு மாதத்தில் விலா எலும்பு தெரிந்தது. முதுகில் ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. திரும்பக் கொண்டுபோய் விட இடமில்லை. எடுத்தவன் நான்.

காலையில் கடற்கரையிலிருந்து வருகிற மீன்காரி ஒருத்தி வாய்க்கால் கரையில் சுமையை இறக்கி இளைப்பாறுவாள். முதல் நாள் அவள் முன்னால் நின்றுவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பினேன். மறுநாள் அவளே கேட்டாள்.

"என்ன பிள்ளே, மீன் வேணுமா, இல்ல என்னயப் பெண்ணு பாக்க வந்தியளா?"

அவளுக்கு அறுபது வயதிருக்கும். நான் நாயைக் காட்டினேன். அவள் சிரிப்பை நிறுத்தினாள். குனிந்து அதன் விலாவைத் தடவிவிட்டு, ஆறு சாளை மீன் எடுத்து இலையில் வைத்தாள்.

அதன்பின் தினமும் அப்படித்தான். நாய் தின்று முடித்ததும் வாய்க்காலில் இறக்கி, தவிட்டால் அதன் வாயைத் தேய்ப்பேன். என் கைகளைப் புளி போட்டுக் கழுவுவேன். ரோமம் மறுபடி முளைத்தது. ஆனாலும் மாமா தொழுவத்துப் பக்கம் வரும்போதெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வேன். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் கயிற்றின் ஒரு முனையில் அது, மறுமுனையில் நான். அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் கல்யாணம், திருவிழா ஒன்றுக்கும் போகவில்லை. பெண் பார்க்கப் போகலாம் என்று மாமா இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளை. நாயின் காதுக்குள் புண் கண்டிருந்தது. கழுத்துக் கயிறு உரசியதால், வேப்பெண்ணெய் போடுவதற்காக ஒரு நிமிஷம் அவிழ்த்தேன். அந்த நிமிஷத்தில் அதன் மூக்கு தரையில் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டேன். காதிலேயே விழவில்லை. பின்வேலிப் படலிலிருந்து தொடங்கி, வைக்கோல் போரைச் சுற்றி, அடுக்களை முற்றத்தைக் கடந்து, நெல் பத்தாயம் இருக்கிற அறைக்குள் போனது. பத்தாயத்தின் முன் நின்று தலையை உயர்த்திச் சங்கு ஊதுவது போலக் குரல் கொடுத்தது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும்.

பூசையிலிருந்த மாமா எழுந்து வந்தார். பத்தாயத்தைத் திறக்கச் சொன்னார். நான் நெல்லுக்குள் கையை விட்டேன். பனையோலையில் பொதிந்த வாளைக் கருவாடு கையில் தட்டுப்பட்டது.

நான் வாங்குவது பச்சைச் சாளை. அதுவும் வாய்க்கால் கரையோடு சரி. நிமிர்ந்து பார்த்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கமே திரும்பாமல் மாமாவிடம் சொன்னாள்.

"அவன் நாய்க்குன்னு வாங்கி வச்சதா இருக்கும்."

"உள்ளதாலே?" என்றார் மாமா.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் நாய் பிழைத்துக்கொள்ளும். அடுத்த கேள்வி, பின்னே யார் என்பதுதான். நாய் விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் வாயைப் பொத்தினேன்.

"ஆமா மாமா."

"விடியும்போ இது இங்க நிக்கப்படாது."

மறுநாள் காலையில் அதை மலைக்கு நடத்திக்கொண்டு போனேன். யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவதுதான் எண்ணம். பங்களா பூட்டிக் கிடந்தது. "புது ஏஜெண்டு நாயக் கண்டாலே தோக்க எடுத்துச் சுடுவாரு, கேட்டியா" என்றான் காவல்காரன். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒருவர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. இதற்குப் போடுகிற மீனில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. சாயங்காலம் வரை கயிற்றோடு நின்றேன். பிறகு ஸ்டோருக்குப் பின்னால், ஏஜெண்டு எட்டிப் பார்க்காத, ரப்பர் பால் வாளிகள் அடுக்கியிருந்த சாய்ப்புக் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கினேன். நாலு நாள் அதோடு இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, மலையடிவாரக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு அக்கா வந்தாள். நான் நாய்க்கு வேகவைத்திருந்த சாளையைப் பார்த்தாள். உப்பும் மிளகாயும் கேட்டாள். பாதியை எடுத்து ஒரு சட்டியில் குழம்பாக்கி, சோற்றில் பிசைந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றாள். நாயைத் தள்ளிவிட்டு வந்தால் என்னைச் சேர்த்துக்கொள்வதாக மாமா வீட்டில் சொன்னாராம்.

"எங்க தள்ள?"

அவள் சட்டியை வழித்துவிட்டு எழுந்தாள். கை கழுவப் போகும்போது, "நான் அன்னைக்குச் சொல்லியிருக்கணும் மக்கா" என்றாள்.

"சொல்லியிருந்தா நீ எங்க போவே அக்கா?"

தண்ணீர் மொண்டு வெகுநேரம் கை கழுவினாள். புளி இருக்கிறதா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பிறகு காதுப் புண்ணுக்கு எண்ணெய் போட நாயின் தலையைப் பிடிக்கச் சொன்னேன். அவள் கட்டை விரலால் அதன் நெற்றியைத் தடவியபடி பிடித்துக்கொண்டாள். "இது எத்தன வருசம் கெடக்கும்?" என்றாள்.

தெரியாது என்றேன். அந்தச் சாய்ப்பில் அது பிறகு ஏழு வருஷம் இருந்தது. நானும் இருந்தேன்.