எதிரணியில் அழகிரிசாமி

கோபம் தலைக்கேறினாலும் அழகிரிசாமி வாயில் 'ங்க' குறையாது. மரியாதை கூடக்கூட எதிரே நிற்பவருக்குக் குலை நடுங்கும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மண் சலித்து, சொந்தமாகப் பம்பு கம்பெனி போட்ட மனுசர். சத்தியமங்கலம் தொட்டுக் கிணத்துக்கடவு வரை அவர் பம்பு இறங்காத கிணறு இருந்தால் காட்டுங்கள், பார்ப்போம். படித்த பெருமக்கள் கல்லூரிக்கு ஓர் அரங்கம் இல்லாமல் கையைப் பிசைந்தபோது, படிக்காத அவர்தான் கட்டிக் கொடுத்தார். வாசலில் கருங்கல்லில் அவர் பேர் இருக்கிறது.

அந்த அரங்கத்தில்தான் அவர் மானம் போனது.

கிணத்துக்கடவுப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் பேச்சு வந்ததிலிருந்து ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. கல்யாணப் பந்தியில்கூடத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். பேட்டை வேண்டும் என்றவர்களுக்கு முன்னால் நின்றவர் அழகிரிசாமி. ஒரு காலை வாட்ஸ்அப்பைத் திறந்தால், பேரன் யஷ்வந்த் அவர் கட்டிய மேடையிலேயே நின்று, "எங்க தாத்தா மாதிரி ஆளுங்களுக்கு நிலம்னா வெறும் அளவுக்கல்" என்று முழங்குகிறான். எதிர்க்கூட்டம் அதை ஊரெல்லாம் பரப்பிவிட்டது.

கல்லூரிச் செயலாளர் லட்சுமணசாமியைப் போனில் பிடித்து, பேரனை மேடையேற்றிய மாணவர் வாதமன்றத்தை இன்றைக்கே மூடிப்போடச் சொன்னார். ஆத்திரம் ஆறவில்லை. மறுநாள் நேரிலேயே போனார்.

அரங்கத்தில் பூட்டு தொங்கியது. படியில் யஷ்வந்தும் மன்றத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வைது முடிக்கும்வரை பொறுத்திருந்த பேரன், முழு வீடியோவையும் ஓடவிட்டான். வாட்ஸ்அப்பில் வந்தது வெட்டிய துண்டு. தான் நம்புவதற்கு நேர் எதிரணியில்தான் ஒருவர் பேச வேண்டும். "ஆமாம், இதுதான் எங்கள் பக்கம்" என்று எதிராளியே ஒத்துக்கொள்ளும்வரை பேச வேண்டும். அதுதான் அந்த மன்றத்தின் சட்டம். தாத்தா பக்கம் நிற்கும் யஷ்வந்த் அதனால்தான் பேட்டையை எதிர்த்துப் பேசியிருந்தான். தொழிற்பேட்டைக்காகப் பேசியவள் மன்றத் தலைவி ஜாஹிதா. பேட்டை வந்தால் அவள் அப்பா ரசாக்கின் தென்னந்தோப்பு போய்விடும். அப்படியிருந்தும் என்ன பேச்சுப் பேசியிருந்தாள்! அழகிரிசாமியே பேசியிருந்தால்தான் அதைவிட நன்றாக இருந்திருக்கும்.

அதற்குள் லட்சுமணசாமி ஓடிவந்தார். மன்றத்தை மூடியாயிற்று, ஜாஹிதாவைச் சஸ்பெண்ட் செய்தாயிற்று, யஷ்வந்த் தம்பி மேல் மட்டும் கை வைக்கவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார்.

"பேசுனது எம்பேரனுங்க. தண்டனை இந்த அம்மணிக்குங்களா?"

"நீங்கதானுங்களே மூடச் சொன்னீங்க?"

"நான் சொன்னா மூடிப்போடுவீங்களா? இத்தனை படிச்சிருக்கறீங்க, ஏன் எதுக்குன்னு எதுத்து ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? பூட்டி வெக்கறதுக்குக் குடோன் கட்டிக் குடுத்திருப்பேனுங்களே!"

அவர் அத்தனை 'ங்க' போட்டதிலேயே பூட்டுத் திறந்தது, சஸ்பெண்டும் ரத்தானது. ஜாஹிதா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க சொன்னா மூடறாங்க, நீங்க சொன்னா திறக்கறாங்க. நாளைக்கு உங்களுக்கு மறுபடி கோபம் வந்தா நாங்க என்னங்கய்யா பண்றது? எங்க மேல புகார்னா, எங்க சட்டப்படியே மேடையேறிப் பேசிப் பாருங்க. எதிரணியில நின்னு."

"என்னால முடியாதுன்னு நெனச்சீங்களா, அம்மணி?" விறுவிறுவென்று மேடையேறினார்.

விவசாயிகள் பக்கம் பேச ஆரம்பித்த வாய், நாலாவது வார்த்தையில் வேலைவாய்ப்புக்குத் தாவியது. "அது உங்க பக்கமுங்கய்யா" என்றார்கள் பிள்ளைகள். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி தாவியது. யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது. மில்லுக்கென்று தங்கள் பயிர்க்காட்டை அளந்தபோது ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்காமல், வரப்பில் நிறுத்திவைக்கப்பட்ட தன் அப்பன் ஞாபகத்துக்கு வந்தார். அந்த வரப்பிலிருந்துதான் அவர் பவுண்டரிக்கே போனது.

மைக்கை இறுகப் பிடித்தார்.

"ஏனுங்க, கூப்புட்டு உக்கார வெச்சு ஒரு வார்த்தை கேட்டீங்களா? குடுக்கறதா வேண்டாமான்னு சொல்லவேண்டியது நாங்களுங்க. எங்களக் கேக்காம எங்க காட்டுல கல்லு நட நீங்க யாருங்க, அழகிரிசாமி?"

ஜாஹிதா மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"ஆமாங்கய்யா. இதுதான் எங்க பக்கம்."

அவருக்கு அது காதில் விழவில்லை. இன்னும் அழகிரிசாமியைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.