என் உயரத்துக்கு வைத்த கண்ணாடி

அப்போது ஜவ்வாது மலையில் ஒரு மெக்கானிக் கடையில் வேலை பார்த்தேன். மலையில் நிலம் வாங்கியிருந்த ஓர் அம்மா, தன் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது சைடு மிரர்கள் மாட்டச் சொன்னார். அதற்குக் கதவில் துளை போட வேண்டும்.

"ஓட்ட போட்றதுக்கு முன்ன கூப்புடுப்பா, நான் உக்காந்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார்.

நான் கூப்பிடவில்லை. எனக்குத் தெரியாததா என்ற எண்ணம். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி நானே உட்கார்ந்து, சாலை நன்றாகத் தெரிந்த இடத்தில் வலக்கதவில் இரண்டு துளை போட்டுக் கண்ணாடியை மாட்டினேன்.

அவர் வந்து சீட்டை முன்னுக்கு இழுத்தார். குள்ளமானவர். கண்ணாடி அவர் தோளுக்கு நேராக நின்றது; கழுத்தை முழுக்கத் திருப்பினால்தான் தெரிந்தது.

"பழகிடும்ங்க" என்றேன்.

டயருக்குக் காற்றடிக்க வந்திருந்த விவசாயி சிரித்தார். "இன்னாண்ணா, போளூர் எறக்கத்துல அந்தம்மா வளைவப் பாக்குமா, உன் கண்ணாடியப் பாக்குமா?"

எரிச்சல் தலைக்கேறியது. ஆனால் அவர் சொன்னது உண்மை. இப்படியே அனுப்பினால் அந்த அம்மா ஏதாவது வளைவில் உருண்டுவிடுவார்.

"தப்பு என்னுதுங்க. என் உயரத்துக்கு வெச்சிட்டேன்."

அந்த அம்மா கதவைத் தடவிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "இந்த மாதிரி கதவு இனிமே கெடைக்காதுப்பா" என்றார். பிறகு திட்டாமல் சீட்டில் உட்கார்ந்தார். "புடி. நான் சொல்ற எடத்துல வை."

அவர் சொன்ன இடத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டு, பழைய துளைகளை ரப்பரால் அடைத்தேன். அவை மறையவில்லை.

எத்தனையோ ஊர்களில் வேலையைக் கெடுத்துவிட்டு மறுநாளே பஸ் ஏறியிருக்கிறேன். கெடுத்த வேலையின் முன்னால் நின்று, கெடுத்தவன் நான்தான் என்று சொன்னது அன்று ஒருமுறைதான். அதில் பெருமை எதுவும் இல்லை. அந்த இரண்டு துளைகளை நினைத்தால் இன்றும் என் மேலேயே கோபம் வருகிறது.