வெயிலில் காய்ந்த ரேடியோ

அன்று ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவில், எங்கள் வீட்டில் நானும் தங்கை வள்ளியும் மட்டும் இருந்தோம். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் மீன்பிடிக்க ஏரிக்குப் போயிருந்தார். அம்மா மீன் விற்க மீஞ்சூருக்குப் போயிருந்தாள்.

எங்கள் முன்னால் இறால் வியாபாரி காதர் பாயின் பழைய வால்வு ரேடியோ இருந்தது. அது கரகரக்கிறது என்று பாய் சொன்னதும், "எம்புள்ள பத்தாவது பாஸ் பண்ணவன் பாய், அவன் பாத்துடுவான்" என்று நைனாதான் பெருமையாக வாங்கி வந்திருந்தார். அந்தப் பெருமைக்காகவே நான் அதைத் திறந்தேன்.

உள்ளே உப்பு பூத்திருந்தது. வலையில் உப்பு ஏறினால் நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுவது எங்கள் வழக்கம். நானும் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்து, மணலில் கோணி விரித்துக் காயவைத்தேன்.

"அண்ணா, உள்ள மெழுகு உருகுதுண்ணா" என்றாள் வள்ளி.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கம்பிச் சுருள்களின் மேல் பூசியிருந்த மெழுகு வழிந்திருந்தது. ஸ்பீக்கரின் காகிதம் சுருங்கிக் கிழிந்திருந்தது.

நைனாவிடம் நடந்ததைச் சொன்னேன். மறுநாள் இருவரும் பாய் வீட்டுக்குப் போனோம்.

"இன்னாப்பா, படிச்ச புள்ள பண்ற வேலையா இது?" என்றார் பாய்.

"அவன் தொடவே இல்ல பாய். வலைய காயவெக்கிற மாரி நாந்தான் வெயில்ல வெச்சிட்டேன். கைநாட்டுக்கு இன்னா தெரியும்?" என்றார் நைனா.

நான் தலைகுனிந்து நின்றேனே தவிர, வாய் திறக்கவில்லை. ரேடியோவைக் கெடுத்தது அறியாமை. அந்த மௌனத்துக்கு அப்படி ஒரு பெயர் சொல்ல என்னால் முடியவில்லை.

ரேடியோவை மெட்ராஸுக்கு அனுப்பிச் சரிசெய்ய, புது வலைக்கென்று நைனா சேர்த்திருந்த பணம் முழுவதும் போனது: நூற்று எழுபது ரூபாய்.