மெல்லிசாகப் பூசச் சொன்ன மருந்து

முதல் செதில் என் மகளின் தட்டில் விழுந்தது.

முழங்கையில் ஒரு சிவப்புத் திட்டு வந்து, மேலே வெள்ளையாகப் பொருக்குக் கட்டி, சொறிந்தால் உதிர்ந்துகொண்டிருந்தது. கம்பெனித் தூசியாயிருக்கும் என்று கழுவிக் கழுவி விட்டேன். அன்றைக்கு ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டதென்று ஸ்டெல்லாவுக்கு ரசஞ்சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்பது வயசு. என் கையால் ஊட்டினால்தான் காலையில் அவளுக்குச் சோறு இறங்கும். செதில் சோற்றில் விழுந்ததை இரண்டு பேரும் பார்த்தோம்.

"உவ்வே, அம்மா," என்று எழுந்துபோய் வாய் கொப்பளித்தாள். மறுநாளிலிருந்து அவளே அள்ளிச் சாப்பிட்டாள், பாதியை மீதம் வைத்து.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. இந்த நோய் உள்ளவர்கள் இதைப் படித்தால், அருவருப்புப் படாதீர்கள் என்று நான் உபதேசம் செய்யப்போவதில்லை. பாயை உதறினால் தவிடு பறப்பதுபோல் பறக்கும். என் உடம்பை நானே பெருக்கி முறத்தில் அள்ளிக் கொட்டினேன். சீ என்று வராமல் வேறென்ன வரும்?

என் பேர் ஆரோக்கியமேரி. சிரிக்காதீர்கள், கம்பெனியில் எல்லாரும் சிரித்தாகிவிட்டது. விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் டீ கப்புகளைக் கிளேஸில் (சூளையில் வெந்ததும் பளபளப்பாகிற பூச்சுக் கரைசல்) முக்கி எடுக்கிற வேலை எனக்கு. புறங்கையிலும் திட்டு வந்த பிறகு, டீ நேரத்தில் எனக்கு மட்டும் பிளாஸ்டிக் கப் வந்தது. வைத்தவள் பக்கத்து மேசை ராஜகுமாரி, பத்து வருஷமாய் என்கூட ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள்.

"தப்பா எடுத்துக்காத மேரி. வூட்ல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க," என்றாள்.

"ஏன்டி, நான் முக்கி எடுத்த கப்புலதான நீ குடிக்கிற?"

கையிலிருந்த கப்பை அப்படியே கீழே வைத்துவிட்டாள். அதற்கு அவள் என் மூஞ்சியில் துப்பியிருக்கலாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் பூசினேன். ஒரு மாசம் மறைந்தது. நிறுத்தியதும் முழங்கால், கணுக்கால் என்று இரண்டு மடங்காய் வந்து உட்கார்ந்தது. அது ஸ்டீராய்டு (அழற்சியை அமுக்கும் மருந்து) என்று பின்னால்தான் தெரிந்தது. யாரும் அப்படிக் கேட்டு வாங்கிப் பூசாதீர்கள்.

கடைசியில் என் வீட்டுக்காரர் அந்தோணி கடலூருக்கு ஒரு தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். அந்தம்மா உறை போடாத விரலால் என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். அதற்கே எனக்கு அழுகை முட்டிவிட்டது.

"இது சோரியாசிஸ் (தோல் அவசர அவசரமாக முளைத்துச் செதிலாக உதிரும் நோய்). யாருக்கும் ஒட்டாதும்மா. பொண்ணுக்குத் தாராளமா ஊட்டுங்க."

"அவ வாயத் தொறக்கணுமே டாக்டர்," என்றேன்.

கால்சிபோட்ரியால் (வைட்டமின் டி வகையைச் சேர்ந்த பூச்சு மருந்து) எழுதித் தந்தார். காலையும் சாயங்காலமும் திட்டின் மேல் மட்டும் மெல்லிசாகப் பூசணும். முகத்திலும் அக்குள் மாதிரி மடிப்புகளிலும் கூடாது. பூசியதும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். கடும் வெயிலில் நிற்கக் கூடாது. வாரத்துக்கு இந்த அளவு ட்யூப் மூன்றுக்கு மேல் போகவே கூடாது. "மேல எதையும் சுத்தி மூடாதீங்க," என்றும் சொன்னார். அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன்.

ஏனென்றால் ஸ்டெல்லாவுக்குப் புதுநன்மை (கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்) நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு விருந்தில் முதல் வாய் என் கையால்தான் ஊட்டணும் என்று மனசுக்குள் முடிந்து வைத்திருந்தேன். மூன்று வாரம் சொன்னபடி பூசியும் திட்டு மெலிந்ததே தவிர வெடிப்பு போகவில்லை.

வெடிப்பென்றால் எனக்குத் தெரிந்தது கம்பெனி வழிதான். பச்சை மண் கப் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். அதனால் ஈரத்துணி போட்டுப் பாலித்தீன் சுற்றி வைப்போம். மனுஷன் மண்ணென்று கோயில் சாமியார் வருஷா வருஷம் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிச் சொல்கிறாரே, மண்ணுக்குச் செய்வதை உடம்புக்குச் செய்தால் என்ன? களிம்பைக் கெட்டியாக அப்பி, கையிலும் காலிலும் பாலித்தீன் சுற்றி, மேலே புடவையும் முழுக்கை ஜாக்கெட்டுமாக வேலைக்குப் போனேன். வாரத்துக்கான மூன்று ட்யூப் இரண்டே நாளில் காலி.

செதில் நிஜமாகவே உதிர்ந்தது. நான் பெரிய வைத்தியக்காரி என்று எனக்கு நினைப்பு. சாயங்காலம் பிரிக்கும்போது வேர்வையும் களிம்பும் ஊறிப் புளித்துப்போன மாவு வாடை அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றினேன். தோல் சிவந்து எரிந்தது. குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தும் நாக்கு வறண்டது. அடிக்கடி ஒண்ணுக்குப் போனேன், வயிறு மட்டும் கட்டிக்கொண்டது. நடந்தால் கால் துவண்டது. வேலை அலுப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

புதுநன்மையன்று வெள்ளைக் கவுனும் முக்காடுமாக ஸ்டெல்லா என் எதிரே உட்கார்ந்தாள். பிரியாணியில் ஒரு வாய் எடுத்து நீட்டினேன். என் புறங்கையில் ஒரு செதில் இல்லை. பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, எனக்காக வாயைத் திறந்தாள்.

அவள் மடியிலேயே வாந்தி எடுத்தேன். அந்த வெள்ளைக் கவுன் முழுக்க. அதை எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்தோணி தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, அன்றைக்கே கடலூர் கொண்டுபோனார். ரத்தத்தில் கால்சியம் (சுண்ணாம்புச் சத்து) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"எத்தன ட்யூப் போட்டீங்க?" டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். பாலித்தீனையும் சொன்னேன்.

"சூளையில வெக்கவாம்மா சுத்துனீங்க? மூடி வெச்சா தோலு மருந்த உள்ள குடிச்சிடும். ரத்தத்துல கால்சியம் ஏறும். இன்னும் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்."

"மனுஷிதானடி நீ? கப்பா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அந்தோணி அழுதார்.

மருந்தை நிறுத்தி, நான்கு நாள் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். கால்சியம் இறங்கி, பல வாரம் கழித்துத்தான் மறுபடி அதே களிம்பைத் தொடவிட்டார். இந்த முறை அளவைக் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார்: ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடு பிதுக்கினால், இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்குப் போதும். இடையிடையே ரத்தமும் பார்த்தார்கள். குற்றம் மருந்தில் இல்லை, என் அவசரத்தில்தான்.

கை சுத்தமாக ரொம்ப நாள் ஆனது. ஆறும், மழைக்காலத்தில் திரும்பும், மறுபடி ஆறும். இப்போது எனக்கு மாசம் காலண்டரில் இல்லை, ட்யூபில் இருக்கிறது. தோல் என்னுடையது என்ற நினைப்பும் போய்விட்டது. குடிவந்த முரட்டு ஆளிடம் போல அதனிடம் பார்த்து நடந்துகொள்கிறேன்.

சில வருஷம் கழித்து ஒரு காலையில் ரசஞ்சோறு பிசைந்து ஸ்டெல்லாவிடம் நீட்டினேன். அவள் உள்ளங்கையை ஏந்தினாள்.

"குடும்மா, நானே சாப்புடுறேன். பதிமூணு வயசாவுது, நான் என்ன கொழந்தையா?"

அவள் முகத்தில் அருவருப்பைத் தேடிப் பார்த்தேன். இல்லை. ஊட்டுகிற வயசுதான் போய்விட்டது. நான் உள்ளங்கையில் வைத்த சோற்றை அவளே சாப்பிட்டு முடித்தாள்.

பிறகு என் முதுகைத் திருப்பச் சொன்னாள். அங்கே ஒரு புதுத் திட்டு. எனக்குக் கை எட்டாது. விரல் நுனியில் ஒரு கோடு பிதுக்கி, மெல்லிசாகத் தடவினாள். "கையக் கழுவிட்டு வரேம்மா," என்று எழுந்து போனாள். வாய் கொப்பளிக்க எழுந்து போனாளே, அந்தக் காலை ஞாபகம் வந்து எனக்குத் திக்கென்றது.

கழுவிவிட்டு வந்து, என்னை ஒட்டினாற்போல் உட்கார்ந்து ஜடை பின்னச் சொன்னாள்.