ஸ்டோரில் வைத்த லேப்டாப்

ஏழு வயதில் நான் ஒரு கொலை செய்துவிட்டதாகவே நம்பி ஒரு காலைப்பொழுது முழுக்க ஒளிந்திருந்தேன். செத்தது அக்காவின் லேப்டாப்.

அவள் பன்னிரண்டாவது படித்தபோது பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. போடியில் விடுதியில் தங்கிப் படித்த அக்கா, பரீட்சை முடிந்ததும் அதை மார்போடு அணைத்தபடி, குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். திறந்ததும் கறுப்புத் திரையில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு வரி வரும். எது வேண்டும் என்று கேட்கும். அக்கா சட்டென்று முதல் வரியை அழுத்திவிடுவாள். அதற்குள்தான் அவளுடைய மார்க் ஷீட்டு, போட்டோ, கல்லூரிப் படிவம் எல்லாம் இருந்தன. நான் சொல்லும் நாளுக்கு மறுநாள்தான் படிவம் அனுப்பக் கடைசி நாள். "தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்று சொல்லிவைத்திருந்தாள்.

தொடாதே என்றால் கை சும்மா இருக்குமா? அவள் ஓடைக்குக் குளிக்கப் போனதும் திறந்து இரண்டாவது வரியை அழுத்தினேன். வேறு நிறத்தில் வேறு திரை வந்தது. போட்டோ இல்லை, படிவம் இல்லை, கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. ஐயோ, அக்கா படிப்பே போச்சு!

எங்கள் மலையில் எது கெட்டாலும் பழி சாரல் மேல்தான். ரேடியோ கரகரத்தாலும் தீப்பெட்டி நமுத்தாலும் அம்மா அதை, விறகெரித்து ஏலக்காய் காயவைக்கும் அறையான ஸ்டோருக்குள் வைப்பாள், சூட்டில் சரியாகிவிடும். நானும் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கம்பித் தட்டில் பச்சைக்காய்களுக்கு நடுவே வைத்துவிட்டு, காப்பிச் செடிகளுக்குள் பதுங்கிக்கொண்டேன். அக்கா தேடிக் கத்துவது கேட்டது. கருப்பசாமிக்கு நேர்ந்துகொள்ள என்னிடம் ஒரு ரிப்பன்தான் இருந்தது, அதை நேர்ந்துகொண்டேன்.

ஸ்டோருக்குத் தீ மூட்டப் போன அப்பாதான் கண்டுபிடித்தார். "யாருத்தா இதக் கொண்டாந்து காயோட காயா வச்சது? இந்நேரம் வெறகத் தள்ளியிருப்பேனே!"

அதைக் கேட்டதும் ஓடிவந்து அழுதேன். "நாந்தேன். எல்லாம் அழிஞ்சு போச்சுக்கா."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து முதல் வரியை அழுத்தினாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

"கூறுகெட்டவளே, நீ அடுத்த வீட்டுக் கதவத் தொறந்துட்டு நம்ம வீட்டுச் சாமானக் காணோம்னு அழுதிருக்க" என்றாள். அடிக்கவில்லை. அதுவே எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

படிவம் அனுப்பிச் சில நாள் கழித்து, அக்கா அம்மாவை உட்காரவைத்து விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் திறந்து காட்டினாள். "நான் இல்லாதப்ப நீயே தொறந்து என் போட்டோவப் பாக்க எதும்மா சுளுவா இருக்கு?"

அம்மா இரண்டாவதைக் காட்டினாள். "இதுல நாலு பொம்மப்படந்தேன் இருக்கு. தொடப் பயமா இல்ல."

அக்கா போட்டோக்களை அதற்கு மாற்றிவிட்டு, தான் பழகிய விண்டோஸை அழித்தாள்.

ஆனி மாதம் மதுரைக்குக் கல்லூரிக்குப் போனபோது லேப்டாப்பை எடுத்துக்கொள்ளவில்லை. நான் அதைக் கெடுத்துவிட்டதால்தான் விட்டுப்போகிறாள் என்று வெகுநாள் பயந்து கிடந்தேன். அவள் படிக்கப் போனது கம்ப்யூட்டர் படிப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது.