தம்பி அண்ணனான மர்மம்

பொறியியல் முடித்துவிட்டு நெய்வேலி குவார்ட்டர்ஸில் இரண்டு வருடம் வேலைக்குக் காத்திருந்தேன். அந்தக் காலத்தில் எனக்கு இருந்த ஒரே பொறுப்பு, பக்கத்து வீட்டு அங்கிளுக்குக் கதை சொல்வது.

அங்கிள் சுரங்கத்தில், நிலக்கரி வரும் கன்வேயர் பெல்ட்டுகளைக் கவனிக்கும் கண்ட்ரோல் ரூமில் இருந்தார். சொந்த ஊர் காடாம்புலியூர். வாரநாட்களில் மாலை ஏழு மணிக்கு ஒரு சேனலில் ஆங்கில விண்வெளித் தொடர் ஒன்று தமிழ் டப்பிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அவர் அடிமை. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரண்டாவது ஷிப்ட் வந்துவிடும். அந்த வாரம் முழுக்க நான் பார்த்து வைத்து, மறுநாள் காலை வேலியோரம் நின்று ஒப்பிக்க வேண்டும். வேலை கிடைக்காதவளுக்கு இந்த மரியாதையாவது கிடைக்கிறதே என்று நானும் நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தேன்.

கதை இதுதான். ஒரு விண்கலம். அதில் ஒரு கேப்டன். தொலைந்துபோன உடன்பிறந்தவனைத் தேடிப் போகிறான். கலத்தில் திறக்காத கதவு ஒன்று இருக்கிறது. ஸ்டோர் ரூமில் சாப்பாட்டுப் பொட்டலங்கள் காணாமல் போகின்றன. யார் எடுக்கிறார்கள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

ஒருநாள் காலை அங்கிள் பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு வேலிக்கு ஓடி வந்தார்.

"பாப்பா, முதல் சீசன்ல கேப்டன் அழுதான் பாரு, அப்ப என்னா சொன்னான்?"

நோட்டைப் புரட்டினேன். "'என் தம்பியைத் தொலைச்சிட்டேன்'னு சொன்னான், அங்கிள்."

"நேத்து என்னா சொன்னான்?"

"'என் அண்ணன் உயிரோடதான் இருக்கார்'னு."

அங்கிள் வேலியைப் பிடித்துக்கொண்டார். "தம்பி எப்படி அண்ணன் ஆனான்?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்வானேன், அன்று முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை. சாயங்காலத்துக்குள் அங்கிள் விடையும் கண்டுபிடித்துவிட்டார். தம்பி போய் மாட்டிய இடத்தில் காலம் வேகமாக ஓடுகிறது. இங்கே ஒரு வருடம் என்றால் அங்கே இருபது. அதனால் தம்பிக்கு வயது கூடி, அண்ணன் ஆகிவிட்டான். திரும்பி வந்து அந்தத் திறக்காத கதவுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறான். பொட்டலத்தைத் தின்பது அவன்தான்.

"எங்க கண்ட்ரோல் ரூம்ல ஒரு லைட் அணைஞ்சா சும்மாவா அணையும்? எங்கியோ ஒரு பெல்ட்டு நின்னுகினு இருக்குன்னு அர்த்தம்" என்றார். அவருடைய ஆராய்ச்சி முறை அவ்வளவுதான். அதில் குறை சொல்ல எனக்குத் தெரியவில்லை; நான் படித்த பொறியியலும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது.

சுரங்கத்துக் கேன்டீனில் இந்தக் கண்டுபிடிப்பு பரவியது. பெர்மனென்ட்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவர் மட்டும், "பொட்டலம் காணாமப் போனதுக்கு இத்தினி நாளா ஒரு விசாரணை கூட வைக்கலியே, அது எப்படிங்க?" என்று கேட்டாராம்.

பிறகு எதிரி வந்தார். வடலூரிலிருந்து வரும் பஸ்ஸில் அங்கிள் யாரிடமோ கதவைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க, முன் சீட்டிலிருந்து ஒருவர் திரும்பி, "அதெல்லாம் இல்லைங்க, கேப்டன்தான் செத்துட்டான்" என்றாராம். குறிஞ்சிப்பாடியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். இருவரும் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு வாதாடியிருக்கிறார்கள். முடிவு வராததால் ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸில் வைத்துப் பேசித் தீர்ப்பதென்று ஏற்பாடு. என்னை நோட்டோடு வரச் சொன்னார்கள்.

ஸ்டூடியோக்காரர் ஆரம்பத்திலிருந்தே டிவியைப் படம் பிடித்து வைத்து, பிரின்ட் போட்டே கொண்டுவந்திருந்தார். "பாருங்க சார், முதல் சீசன்ல வலது பக்க வகிடு. இப்ப இடது பக்கம். இது வேற ஆளு. தொலைஞ்சவன் முதல் கேப்டனுக்குத் தம்பி, இவனுக்கு அண்ணன்."

"நீங்க நெகட்டிவ்வைத் திருப்பிப் போட்டு கழுவியிருப்பீங்க" என்றார் அங்கிள்.

"இருபது வருஷமா தொழில் பண்றேங்க. என்னையவா சொல்றீங்க?" ஸ்டூடியோக்காரர் எழுந்தே விட்டார்.

ஆன்ட்டி மூலையில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"அந்தாளுக்கு அண்ணன் ஒருத்தன், தம்பி ஒருத்தன் இருக்கக் கூடாதா?"

ஸ்டூடியோக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். நான் நோட்டைப் புரட்டினேன். அதை மறுக்க அதில் ஒரு வரிகூட இல்லை.

"அப்படின்னா அதுல கதை என்னா இருக்குது?" என்று அங்கிள் கத்தினார். ஸ்டூடியோக்காரர் வேகமாகத் தலையாட்டினார். வந்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். தட்டில் வைத்த பலாச்சுளையை இருவரும் ஆன்ட்டியைப் பார்க்காமலே தின்று முடித்தார்கள்.

சில வாரங்களில் சேனல் பாதியிலேயே தொடரை நிறுத்திவிட்டு, பாம்பு சீரியல் ஒன்றைப் போட்டது. அங்கிள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சென்னையில் வேலை பார்த்த என் பெரியம்மா மகனிடம் கெஞ்சி, ஆங்கிலத்திலேயே மொத்தத் தொடரையும் ஹார்ட் டிஸ்க்கில் வரவழைத்தேன். ஒரு ஞாயிறு மதியம் என் கம்ப்யூட்டர் முன் அங்கிளை உட்கார வைத்து, முதலில் அழுகைக் காட்சியைப் போட்டேன்.

கேப்டன் அழுதான். 'பிரதர்' என்றான். இரண்டாவது சீசனைப் போட்டேன். அங்கேயும் 'பிரதர்' என்றான்.

"பெரியவனா, சின்னவனா?" என்றார் அங்கிள்.

"தெரியாது அங்கிள். ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். டப்பிங் எழுதினவங்க நடுவுல மாறியிருப்பாங்க. ஒருத்தர் தம்பின்னு எழுதியிருப்பார், இன்னொருத்தர் அண்ணன்னு."

ஆறு மாத ஆராய்ச்சியை ஒரே வார்த்தையில் குழிதோண்டிப் புதைத்துவிட்டேன். அங்கிள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கூடப் பொறந்தவன் பெரியவனா சின்னவனான்னு சொல்லத் தெரியல. இவனுங்க ராக்கெட் வுட்டுகினு எங்க போறானுங்க?"

மறுநாளே கேன்டீனில் புது முடிவு வெளியாகிவிட்டது. ஆங்கிலத்தில் எடுத்தவர்களுக்கே அந்த ரகசியம் தெரியாது. தமிழில் எழுதியவர்தான் கண்டுபிடித்து, நைசாக உள்ளே வைத்திருக்கிறார். ஸ்டூடியோக்காரரும் போன் போட்டு இதை ஒப்புக்கொண்டாராம், வகிடு விஷயம் தவிர.

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். ஹாஸ்டலில் மீதி சீசன்களையும் பார்த்து முடித்தேன். கடைசி எபிசோடில் கேப்டன் அந்தக் கதவின் கைப்பிடியைத் தொடுகிறான். அதோடு தொடர் முடிந்துவிட்டது. அடுத்த சீசன் எடுக்கவே இல்லை. எரிச்சலில் அங்கிளுக்குப் போன் போட்டேன்.

"கதவைத் திறக்கவே இல்ல அங்கிள். ஏமாத்திட்டாங்க."

"திறக்கலியா?" அவர் குரலில் அப்படியொரு நிம்மதி. "நல்லதாப் போச்சு பாப்பா. திறந்திருந்தா என்னாத்தையாவது காட்டிக் கெடுத்திருப்பானுங்க."

பின்னால் ஆன்ட்டி ஏதோ கேட்பது கேட்டது. "உனக்கு ஒண்ணும் இல்ல, போ" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, அங்கிள் என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"கைப்பிடிய எந்தக் கையால தொட்டான்?"

நான் ஹார்ட் டிஸ்க்கை மறுபடி சொருகினேன்.