மூச்சு வாங்கிய இடத்தில் ஓர் ஆமென்

எங்கள் சபையில் எதையும் ஓட்டுப் போட்டு முடிவு செய்வதில்லை. ஒரு காலத்தில் கமிட்டி கூடினால் முதலில் அமைதி உடையும், பிறகு நாற்காலி உடையும். அதனால் ஒரு வழக்கம் வந்தது. விவகாரத்தைப் பாஸ்டர் ஞாயிறு ஜெபத்தில் வைப்பார். சபை ஆமென் சொல்லிவிட்டால் முடிந்தது. அதன் பிறகு வாய் திறக்கிறவன் கடவுளோடு வாதாடுகிறவன் ஆகிவிடுவான். அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுவது கஷ்டம்.

இந்த அருமையான ஏற்பாட்டில் ஒரே சிக்கல், எக்ஸ்பிரஸ் அக்கா.

எங்கள் சபை மண்டபத்துக்கு எதிரே இருக்கும் சட்டைக் கம்பெனியில் அக்கா காஜா மிஷின் ஓட்டுகிறார். பட்டன் நுழையும் துளையை வெட்டித் தைக்கிற மிஷின் அது. ஒரு சட்டையிலிருந்து கையை எடுப்பதற்குள் அடுத்தது மடியில் வந்து விழும். வாரம் முழுக்க அந்த வேகத்தில் ஓடியவரை ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரின் ஜெபத்துக்கு முன்னால் உட்காரவைத்தால் என்ன ஆகும்? பாஸ்டர் நீளமாக ஜெபிப்பார், நடுநடுவே மூச்சு வாங்குவார். அந்த இடைவெளியில் அக்கா கணீரென்று ஆமென் போட்டு முடித்துவிடுவார். கண்ணை மூடி வீட்டுச் சமையலைத் தியானித்துக்கொண்டிருக்கும் சபை திடுக்கிட்டு விழித்து, தானும் ஆமென் சொல்லும்.

மண்டபத்துக் கார்பெட்டே அப்படி வந்ததுதான். "ஆண்டவரே, சிவப்புக் கார்பெட் ஒன்று வாங்கும் ஆசை எங்களுக்கு உண்டு" என்று சொல்லிவிட்டுப் பாஸ்டர் மூச்சு வாங்கினார். அது ஆடம்பரமா என்று உணர்த்தும்படி கேட்பதாக இருந்தாராம். அக்கா விட்டால்தானே. கார்பெட்டுக்கு ஆசைப்பட்டவர் சபைச் செயலாளர். முணுமுணுத்தவர்களை அவர்தான் அடக்கினார்: "ஆமென் விழுந்தா விழுந்ததுதான். இதுல ரிவர்ஸ் கியர் கிடையாது."

கார்பெட் வந்த கையோடு மண்டபத்துக்குப் பூட்டும் வந்தது. 'இந்த ஊருக்கு வெளிச்சமாக இருப்போம்' என்ற பலகை கதவுக்கு மேலே. பலகையைவிடப் பளபளப்பான பூட்டு கதவிலே.

அந்தப் பூட்டைத் தினமும் கடந்து வேலைக்குப் போகிறவள் அக்காவின் பக்கத்து மிஷினில் பட்டன் தைக்கிற பெண். சபைக்காரி இல்லை. தவழுகிற வயதில் ஒரு மகள். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். பட்டன்காரி வேறு வழியில்லாமல் குழந்தையைத் துணி மூட்டைகளுக்கு நடுவே மறைத்துவைத்து வேலை செய்தாள். சனிக்கிழமை சூப்பர்வைசர் ஒரு மூட்டையைத் தூக்கப் போக, மூட்டை சிரித்தது.

"திங்கக்கிழமை குழந்தை இல்லாம வந்தா வேலை இருக்கு. தூக்கிட்டு வந்தா, அப்படியே திரும்பிப் போயிடும்மா" என்றார்.

"நான் என்னக்கா பண்ண? இவளை மடிச்சு அலமாரியிலயா வைக்க முடியும்?"

"அழாதடி. கண்ணு மறைச்சா ஊசி விரல்ல ஏறும்."

ஷிப்டு முடிந்ததும் அக்கா நேராகப் பாஸ்டர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஐயா, பகல்ல மண்டபம் சும்மாதானே கிடக்கு?"

"சும்மா இல்லம்மா, கார்பெட் இருக்கு."

"கார்பெட்டு என்ன பச்சைக் குழந்தையா, யாரும் தொடக்கூடாதுன்னு பொத்தி வைக்க?"

பாஸ்டர் மீசையைத் தடவிச் சிரிப்பை மறைத்தார். "செயலாளர் சம்மதிக்கணுமே. சரி, நாளைக்கு ஜெபத்துல வைக்கிறேன்."

"வைங்கய்யா. நடுவுல நல்லா மூச்சு வாங்கிக்கங்க. உங்களுக்கும் வயசாகுது."

இதை மரியாதையான அக்கறை என்று எடுத்துக்கொள்வதும், வேறு மாதிரி எடுத்துக்கொள்வதும் வாசகர் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஆரம்பித்தார். மழை, பரீட்சை எழுதும் பிள்ளைகள், செயலாளரின் முழங்கால் வலி எல்லாம் வரிசையாக வந்தன. மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் அக்கா அதிசயமாகப் பேசாமல் இருந்தார். சபைக்கே பயமாகிவிட்டது, அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ? அப்போது பாஸ்டர், "எங்கள் மண்டபத்தை இந்தத் தெருவின் குழந்தைகளுக்கு நாளை முதல் திறந்துவிட..." என்று நிறுத்தி மூச்சு வாங்கினார்.

ஆமென் விழுந்தது. சபையும் விழுந்தடித்துக்கொண்டு சொன்னது.

செயலாளர் எழுந்தேவிட்டார். "ஐயா, ஜெபம் முடியலையே. இன்னும் ஏதோ சொல்ல வந்தீங்களே."

"வந்தேன். அதுக்குள்ள விழுந்துடுச்சே. ரிவர்ஸ் கியர் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க பிரதர்?"

திங்கட்கிழமை காலையில் செயலாளர் முதல் ஆளாக வந்து கார்பெட்டுக்குப் பிளாஸ்டிக் விரித்துக்கொண்டிருந்தார். பட்டன்காரி குழந்தையோடு வாசலில் நின்றாள், பக்கத்தில் அக்கா. அப்போதுதான் ஓர் உண்மை எல்லோருக்கும் உறைத்தது. சபை கதவைத் திறக்க ஆமென் சொன்னதே தவிர, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கம்பெனிச் சங்கு ஊதியது.

"பிரதர், கொஞ்சம் பிடிங்க" என்றார் அக்கா.

"நானா? எனக்கு முழங்கால்..."

"அதுக்குத்தான் நேத்தே ஜெபம் பண்ணியாச்சே."

குழந்தை கை மாறியது. இரண்டு பெண்களும் ஓடிய ஓட்டத்தில் தெருநாய் ஒன்று எதற்கென்றே தெரியாமல் கூட ஓடியது. சூப்பர்வைசர் மேஜைக்கு அடியில் பார்த்தார். மூட்டைகளைத் தட்டிப் பார்த்தார்.

"குழந்தை எங்க?"

"மண்டபத்துல, செயலாளர்கிட்ட."

"அந்தக் கார்பெட்காரர்கிட்டயா? என் தங்கச்சி கல்யாணத்துல என்னையே உள்ள விடலையேம்மா அவர்" என்று சொல்லிவிட்டு, பட்டன் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். மிஷின் ஓடத் தொடங்கியது.

சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் மறுபடி ஓடினார்கள். மண்டபத்தில் பிளாஸ்டிக் ஒரு மூலையில் கசங்கிக் கிடந்தது. கார்பெட்டில் செயலாளர் மல்லாந்து கிடக்க, அவர் நெஞ்சின்மேல் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பெரிதாக ஓர் ஈரம்.

"ஐயோ, கார்பெட்டு... நான் அலசித் தந்துடறேங்க" என்று பதறினாள் பட்டன்காரி.

"உஷ். இப்பத்தான் கண்ணசந்துருக்கா" என்றார் செயலாளர், உதடு மட்டும் அசைய.

அந்த வாரத்துக்குள் கம்பெனியிலிருந்து இன்னும் பல தாய்மார்கள் மண்டபத்தை எட்டிப் பார்த்தார்கள், இடுப்பில் ஆளுக்கொன்றோடு. அடுத்த ஞாயிறு செயலாளரே ஜெபிக்க எழுந்தார்.

"ஆண்டவரே, அந்தக் குழந்தைகளுக்கும் எங்கள் மண்டபத்தை..." என்று நிறுத்தினார். அவருக்கு ஒன்றும் மூச்சு வாங்கவில்லை. சபை காத்திருந்தது. அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"பாத்துக்கறது யாருன்னும் சேத்துச் சொல்லிடுங்க பிரதர்."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "முறை போட்டு, நானும், கடைசிப் பெஞ்சு முழுக்கவும்."

ஆமென் கணீரென்று விழுந்தது. கடைசிப் பெஞ்சு திடுக்கிட்டு விழித்து, எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது.